எந்தப் பெட்டியை மாற்றுவது?

கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி கட்டடத்துக்குள் சனிக்கிழமை பிற்பகலில் நுழைந்துவிட்டால் சீக்கிரம் வெளியே வர முடியாது. வரிசையாக ஆடியோ கடைகள், கடைக்குக் கடை கண்ணாடிக் கதவு. உள்ளே மங்கலான விளக்கு, தரையில் கனத்த கம்பளம், நடுவில் ஒரு நாற்காலி. நீங்கள் உட்கார்ந்ததும் கடைக்காரர் ஒரு பாட்டைப் போடுவார். பாடுகிறவர் மூன்றடி தள்ளி நிற்பதுபோல இருக்கும். கணக்குப் பார்க்கும் முன்பே மனசு விலை பேசி முடித்திருக்கும். அந்த ஸ்பீக்கர் பெட்டி தெம்பனிஸுக்கோ ஈசூனுக்கோ வந்து சேர்ந்து, டிவி மேசையில் பழைய பெட்டி இருந்த அதே இடத்தில் ஏறி உட்கார்ந்து, அதே பாட்டைப் பாடும்போதுதான் சந்தேகம் வரும்: இதற்கா அவ்வளவு வெள்ளி?

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அங்கே உங்கள் காதில் விழுந்ததில் பாதி அந்த அறை. அறையை அவர் விற்கவில்லை, நீங்களும் வாங்கவில்லை.

அதனால் இந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள். இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை; ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

குறைக்கு ஒரு பெயர்

"சவுண்டு சரியில்லை" என்ற புகாரோடு போனால், கடையில் அன்று எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு மருந்தாகக் கிடைக்கும். எது சரியில்லை என்று முதலில் உங்களுக்கே தெரிய வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் சோதனைகள் எல்லாம் நம் வீட்டுச் சரக்குதான்.

முதல் சோதனை பேச்சு. ஒலி 96.8 வானொலியைப் போட்டு, பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசும்வரை காத்திருங்கள். நாம் பிறந்ததிலிருந்து கேட்டுவருவது மனிதக் குரல். அதில் காதை ஏமாற்ற முடியாது. ஆண் அறிவிப்பாளர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல இருந்தால், ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டியிருக்கிறது, அல்லது அலமாரித் தட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. மூக்கால் பேசுகிறார் என்றால் ஸ்பீக்கரையே சந்தேகிக்கலாம். 'ச'வும் 'ஸ'வும் 'ஷ'வும் சீறினால் ஸ்பீக்கரில் உச்சச் சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டராக இருக்கலாம். தரையும் சுவரும் கண்ணாடியுமாக வெறிச்சோடிக் கிடக்கும் கூடமாகவும் இருக்கலாம், அதுதான் அதிகம்.

இரண்டாவது, ஒரு பழைய மோனோ பாட்டு. ஐம்பது, அறுபதுகளில் வந்த படப்பாட்டு எதுவானாலும் சரி. இரண்டு ஸ்பீக்கரிலும் வருவது ஒரே ஒலி என்பதால், பாடுகிறவர் இரண்டுக்கும் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அறையின் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லை, அல்லது ஒரு பக்க இணைப்பு தளர்ந்திருக்கிறது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்தச் சாய்வை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பாம் ஷெல்டரின் தடித்த கான்கிரீட் சுவர் இருக்கும். இன்னொன்றின் பக்கம் படுக்கையறைக்குப் போகும் நடைவழி திறந்து கிடக்கும். எந்த ஆம்ப் வாங்கி வைத்தாலும் இந்தச் சாய்வு நிமிராது.

மோனோ நடுவில் நின்றால் அடுத்து ஸ்டீரியோ. இதற்கு நான் போடுவது 1978-இல் வந்த 'ப்ரியா' பாடல்கள். தமிழின் முதல் ஸ்டீரியோ படப்பாடல்கள் என்று பெயர் வாங்கியவை. படத்தின் ஒரு பகுதியைச் சிங்கப்பூரில்தான் எடுத்தார்கள் என்பதால் எனக்கு ஊர்ப்பாசமும் உண்டு. வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து, ஸ்பீக்கர் இருக்கும் இடமே மறந்துபோக வேண்டும். எல்லாம் பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கர்களின் இடைவெளியையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும்.

கடைசிச் சோதனை மிருதங்கம். நல்ல தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டு வலந்தலையை மறந்துவிடுங்கள். தொப்பியை மட்டும் கவனியுங்கள். உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது கும்கி வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். அப்படி ஏறி இறங்காமல் ஒவ்வொரு அடியும் ஒரே சுருதியில் "பூம்" என்று நின்றால் அது வித்வானின் கை அல்ல, உங்கள் அறை.

கூடம் என்னும் கருவி

ஒலி இங்கத்திய வெக்கையில் நொடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் அது போய்த் திரும்பும்போது சில சுருதிகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெருத்துவிடும். ஐந்து மீட்டர் நீளக் கூடத்தில் முதலில் பெருப்பது ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸ். மூன்றரை மீட்டர் அகலத்துக்கு 50, அதன் இரட்டிப்பான 100. 2.6 மீட்டர் உயரக் கூரைக்கு 67. தவிலும் தொப்பியும் பேஸ் கிட்டாரும் புழங்குகிற வட்டாரம் இதுதான். அந்தச் சுருதிகளை உங்கள் வீடு தன் இஷ்டத்துக்குத் தூக்கியும் அமுக்கியும் கொடுக்கிறது. இந்தத் தூக்கலும் அமுக்கலும் பத்து டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். ஒழுங்கான இரண்டு ஆம்ப்களுக்கு நடுவில் அரை டெசிபெல் வித்தியாசம்கூட இருப்பது அபூர்வம்.

பெருக்கம் மிக அதிகமாக இருப்பது சுவரோரத்தில். நம் வீடுகளில் சோபா எங்கே இருக்கிறது? பின்சுவரோடு ஒட்டி! அதை ஓர் அடி, முடிந்தால் இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுத் தொப்பியை மறுபடி கேளுங்கள். பிறகு ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு கையகலம், இரு கையகலம் என்று நகர்த்திக் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். சப்வூஃபர் வைத்திருந்தால் இன்னும் விசித்திரமான வேலை ஒன்று உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் முழங்காலிட்டு ஓரம் ஓரமாக ஊர்ந்து போங்கள். எந்த மூலையில் பேஸ் சீராகக் கேட்கிறதோ, சப்வூஃபரின் இடம் அதுதான். கேட்கும் இடத்தையும் ஒலிக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டால் விளைவு ஒன்றே என்பதால் இது பலிக்கிறது. விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அடுத்து, கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய ஒலியின் வாலில் "ட்ரிங்" என்று உலோகம் அதிர்வதுபோல ஓர் ஒலி தொங்கினால், பளிங்குத் தரையும் கூரையும், எதிரெதிர் வெள்ளைச் சுவர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பொருள். இதற்கு மருந்து ஆடியோ கடையில் இல்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் அராப் ஸ்திரீட்டின் கம்பளக் கடைகளில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் தரை மறையும் அளவுக்குத் தடித்த கம்பளம் ஒன்று, சன்னலில் கனத்த திரை, பின்சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரி. வீவக வீடு ஒன்றில் முதல் 500 வெள்ளியை எங்கே செலவழிப்பது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். சொன்னால் யாரும் கேட்பதில்லை. கம்பளத்தில் விளக்கு எரிவதில்லை, திருகக் குமிழும் இல்லை.

வலத்தை இடமாக்கிப் பாருங்கள்

அங் மோ கியோவில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் போன் போட்டார்.

"தம்பி, ஆம்ப் போயிருச்சுப்பா. எடது பக்கம் கரகரங்குது. நாளைக்குப் புதுசு ஒன்னு எடுக்கலாம்னு இருக்கேன், கூட வர்றியா?"

"அண்ணே, ஒரு நாள் பொறுங்க. நான் வந்து பாத்துர்றேன்."

போய்ச் செய்தது இவ்வளவுதான். ஆம்ப்பை அணைத்துவிட்டு, அதன் முதுகில் இடது ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றி வலது துளையிலும், வலதை இடது துளையிலும் மாட்டினேன். ஆம்ப் கெட்டிருந்தால் கரகரப்பு இப்போது வலது ஸ்பீக்கருக்குத் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை, இடது ஸ்பீக்கரிலேயே உட்கார்ந்திருந்தது. துணிச்சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், வூஃபர் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் பஞ்சு வளையம் விரல் பட்டதும் கோப்பியில் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது. இருபது வயது ஸ்பீக்கர். இந்த ஊர் ஈரப்பதத்தில் அந்தப் பஞ்சுக்கு அது பெரிய ஆயுசுதான். புது வளையம் ஒட்டிக்கொடுக்கும் ஆளைத் தேடிப் பிடித்தோம். கேட்டிருந்த ஆம்ப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இந்த மாற்றிப் போடும் வேலையைப் பிளேயரிலிருந்து ஸ்பீக்கர் வரையிலான சங்கிலி முழுக்கச் செய்யலாம். ஒயரை ஆம்ப் முனையில் மாற்றியும் குறை அதே ஸ்பீக்கரில் நின்றால் குற்றவாளி ஸ்பீக்கரோ அதற்குப் போகும் ஒயரோதான். குறை பக்கம் மாறினால் ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, ஆம்ப்புக்குள் வரும் பாட்டு ஒயர்களை இடவலம் மாற்றுங்கள். இப்போதும் குறை பக்கம் மாறினால் கோளாறு ஆம்ப்புக்கு முன்னால், பிளேயரிலோ ரெக்கார்ட் ஊசியிலோ இருக்கிறது. மாறாவிட்டால் ஆம்ப். குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் குமிழுக்குள் தூசி. சுத்தம் செய்யும் ஸ்பிரே போதும். "ங்ங்ங்" என்று ஓயாத முனகல் கேட்டால் ரெக்கார்ட் பிளேயரின் எர்த் ஒயர் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதுவும் கெட்டிருக்கவில்லை, கூடத்தையும் சரிசெய்தாயிற்று, இருந்தும் மனசு நிறையவில்லை. இப்போது மாற்றலாம்.

எதை முதலில்?

ஸ்பீக்கரை. அனேகமாக எப்போதும் ஸ்பீக்கரை.

காரணம் சிக்கலானதல்ல. சங்கிலியில் மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றுவது அது ஒன்றுதான். காகிதமும் துணியும் காந்தமும் கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிற இயந்திரம். ஆம்ப்பின் திரிபு ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கின் வட்டாரத்தில் இருக்கும்போது, தாழ்ந்த சுருதிகளில் ஸ்பீக்கரின் திரிபு ஒரு சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் என்பவர் பல ஆண்டுகள் ஆட்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாமலே மதிப்பெண் போடச் சொன்னார். பெயரும் விலையும் மறைந்தபோது, எல்லாச் சுருதிகளையும் ஏற்றத்தாழ்வில்லாமல் ஒலிப்பவைதான் பெரும்பாலோருக்குப் பிடித்தன. அளந்து பார்த்து வாங்கலாம் என்ற நம்பிக்கை நமக்கு அங்கிருந்துதான் வந்தது.

எவ்வளவு பெரியது? இடுப்புயர ஸ்பீக்கர்மேல் ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் நாலறை வீட்டின் கூடத்தில் அது தரும் அடிபேஸ் மேலே சொன்ன 35, 50 ஹெர்ட்ஸ் வம்பை இன்னும் வளர்க்கும். கான்கிரீட் தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கும் போகும். இரவில் அக்கம்பக்கம் அடங்கியபின் அந்த ஸ்பீக்கரின் பாதி வேலையில்லாமல் நிற்கும். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தது. காலணிப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பேச்சைத் துல்லியமாகக் கேட்க வேண்டும், இடம் குறைவு என்பவைதான் அதன் நிபந்தனைகள். நம் வீட்டு நிபந்தனைகளும் அவையே. அதன் வழிவந்த சின்ன ஸ்பீக்கர்கள் இன்று பல விலைகளில் கிடைக்கின்றன. குரலுக்காகவே பாட்டுக் கேட்கிற நமக்கு அந்த வம்சம் பொருத்தம். அவற்றை நல்ல கனமான ஸ்டாண்டில் வையுங்கள். டிவி மேசையில் வைக்காதீர்கள்.

ஆம்ப்பில் வாட்ஸ் கணக்குத்தான் மக்களை அலைக்கழிக்கிறது. 86 டெசிபெல் என்று குறித்திருக்கும் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், அவ்வளவு சத்தம் தரும். சோபா வரைக்கும் வரும்போது ஏழெட்டு டெசிபெல் குறைந்தாலும், வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் அளவுக்கு அது போதும், போதும். உங்கள் மாலை நேரம் முழுக்க ஒரு வாட்டுக்குள்தான் ஓடுகிறது. திடீர் உச்சங்களுக்குத்தான் மிச்சம். 50 வாட்ஸிலிருந்து 100-க்குத் தாவினால் கிடைப்பது 3 டெசிபெல். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே ஆம்ப் கெட்டால், ஸ்பீக்கரைச் சுமக்க முடியாமல் சூடேறினால், அல்லது தேவையான துளைகள் அதில் இல்லாவிட்டால் மாற்றுங்கள். "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, ஆம்ப்தான் உயிர் தரும்" என்று யாராவது சொன்னால் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒயருக்கு ஒரு பத்தி போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மூன்று மீட்டர் ஓடினால், போகவும் வரவும் சேர்த்து அதன் தடை சுமார் 0.04 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். விகிதத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சிம் லிம் டவரில் மீட்டர் கணக்கில் வாங்கி வாருங்கள்.

ஊசி வேறு கதை

1970-களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் எல்பி12 ரெக்கார்ட் பிளேயரை விற்றபோது ஒரு கொள்கையையும் சேர்த்து விற்றது: பாட்டு பிறக்கிற இடத்திலேயே தொலைந்ததைப் பின்னால் வரும் எந்தப் பெட்டியும் மீட்டுத்தராது, ஆகவே முதல் காசு பிளேயருக்கு. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. 1982-இல் சிடி வந்தபிறகு அந்த நியாயம் மெல்லக் கரைந்தது. இன்று போனில் செருகும் மலிவான டிஏசி (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக்கும் கருவி) ஒன்றே, குறை எதுவும் காதுக்கு எட்டாத அளவுக்குச் சுத்தமாக ஒலிக்கிறது.

இசைத்தட்டுக்காரர்களுக்கு மட்டும் அந்த நியாயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தட்டின் வெளியோரத்தில் குரல் தெளிவாக இருந்து, நடுவை நெருங்க நெருங்க 'ஸ' சீற ஆரம்பித்தால் ஊசி தேய்ந்திருக்கிறது, அல்லது கோணம் தவறியிருக்கிறது. ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி. தினம் ஒரு தட்டு, நாற்பது நிமிடம் என்று வைத்தால் இரண்டிலிருந்து நாலு ஆண்டு. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடும் முன்பு அங்கே ரெக்கார்ட் பிளேயர் வாங்கியவர்கள் பலர் அதில் வந்த ஊசியையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டியதில்லை. ஆடியோ-டெக்னிக்காவின் விஎம்95 வரிசையில் உடலை வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மேல்ரகமாக மாற்றலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் உடலில் 2எம் ப்ளூ ஊசி ஏறும். ஐந்து நிமிட வேலை. கொடுத்த காசுக்கு இவ்வளவு வித்தியாசம் தரும் மாற்றம் சங்கிலியில் வேறில்லை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் டிஏசி மாற்றுவதற்குமுன் அதே பாட்டின் வேறு பதிப்பைத் தேடட்டும். ஒரே பழைய பாட்டு மூன்று ஆல்பங்களில் மூன்று விதமாக இருக்கும்: ஒன்று தேய்ந்த தட்டிலிருந்து எடுத்தது, இன்னொன்று இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று தம்புராவையும் சேர்த்து வடிகட்டியது. அந்த வித்தியாசத்துக்கு முன் டிஏசிகளின் வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

எதை ஒப்பிட்டாலும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு "தெளிவாக" இருப்பதாகத் தோன்றும். இது கடைக்காரருக்கும் தெரியும். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை மாற்றி மாற்றி இணைக்கும் வேலையை மகளிடமோ மகனிடமோ விடுங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பத்து முறையில் ஐந்தாறுதான் சரியாகச் சொன்னீர்கள் என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னோர் அளவுகோலும் உண்டு. நாம் கேட்கும் கச்சேரிகள் பெரும்பாலும் மைக் வழியே வருபவை; அவற்றை வைத்து வீட்டு ஒலியை எடைபோட முடியாது. சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் மைக்கில்லாமல் நாயனமும் தவிலும் வாசிக்கும் நேரமாகப் பார்த்துப் பத்தடி தள்ளி நில்லுங்கள். அந்த அடியின் கூர்மையைக் காதில் வாங்கிக்கொண்டு நேரே அடெல்ஃபிக்குப் போனால் கடைக்காரரின் பளபளப்பான டெமோ பாட்டு உங்களை அவ்வளவு மயக்காது.

கடைக்குப் போகும்போது

உங்கள் சோதனைப் பாட்டுகளைக் கொண்டுபோங்கள். அவர்கள் போடுவதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஸ்பீக்கரை இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவார்களா என்று கேளுங்கள். முன்பணம் கேட்டாலும் தருகிற கடையே நல்ல கடை. கேரோசலில் பழையது வாங்குவதானால் விற்பவர் வீட்டிலேயே மாட்டிக் கேட்டு, வூஃபரின் பஞ்சு வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் வளையம் என்றால் கவலை குறைவு. ஜப்பானிலிருந்து வந்த அழகான பழைய ஆம்ப்கள் கண்ணில் படும். முதுகில் 100 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிய நொடியே புகையும். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கிளம்பும் முன் கூடத்தின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சோபாவில் உட்கார்ந்தபடி ஸ்பீக்கர் பக்கம் ஒரு படம், ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து சோபாவை ஒரு படம், எல்லா ஒயரும் மாட்டியிருக்கும்போதே ஆம்ப்பின் முதுகை ஒரு படம் எடுத்துவையுங்கள். கடைசிப் படம் கடைக்காரருக்கும் உதவும். ராத்திரி வீடு திரும்பி எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்று தடவிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கும் உதவும்.